முன் சக்கரத்துக் காற்று

கடைத்தெரு நடுவில் சைக்கிள் விடுவதற்கு நகராட்சி இடம் செய்யப் போகிறது என்ற பேச்சு கிளம்பியபோது ஊரில் பாதிப் பேர் அதை நம்பவில்லை. மீதிப் பேர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அதுவரை அங்கே சைக்கிள்கள் எது கிடைத்ததோ அதன்மேல் சாய்ந்து நின்றன. விளக்குக் கம்பம், மருந்துக்கடைப் படி, பேருந்து நிறுத்தத்துக் கைப்பிடிக் கம்பி, மூடியே கிடக்கும் ஒரு கடையின் இரும்புக் கதவு. ஒரே கம்பத்தில் நாலைந்தைச் சேர்த்துப் பூட்டியிருப்பார்கள். உள்ளே மாட்டிக்கொண்டவன், வெளியே பூட்டியவன் வரும்வரை காத்துக் கிடக்க வேண்டியதுதான். அப்படி இன்னொருவன் சைக்கிளையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் பேருந்து ஏறிப் போன ஒரு ஆளும், மாட்டிக்கொண்ட ஆளும் முதலில் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டு, பிறகு டீ குடித்து, கடைசியில் சம்பந்திகளாகவே ஆகிவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அந்த டீயைத் தானே போட்டுக் கொடுத்ததாகச் சொல்வார் டீக்கடைக்காரம்மா.

திட்டம் பெரியதொன்றும் இல்லை. சாலையோரத்தில் சைக்கிளுக்கென்று ஒரு பாதை, அதற்கு வெள்ளைக் கோடு. பழைய தண்ணீர்த் தொட்டியை இடித்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிளைச் சாய்த்துப் பூட்ட இரும்பு வளைவுகள். பக்கத்தில் காற்றடிக்க ஒரு பம்பு, யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி சங்கிலியோடு. இதில் இரும்பு வேலை வெச்சுப்பாருவிடம் வந்து சேர்ந்தது.

வெச்சுப்பாரு என்பது அவருடைய பெயர் இல்லை. அவர் வெல்டர். யார் என்ன செய்யச் சொல்லி வந்தாலும் அளவு கேட்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. கதவுக்குச் சட்டம் வேண்டுமா, கதவைக் கொண்டு வா. அலமாரிக்குக் கால் வேண்டுமா, அலமாரியைத் தூக்கி வா. பொருளைப் பார்த்துக்கொண்டே இரும்பை வளைப்பார். வளைத்ததும், "வெச்சுப் பாரு" என்பார். பொருந்தவில்லையா, சுத்தியலால் இரண்டு தட்டு. மறுபடியும், "வெச்சுப் பாரு." கட்டில் செய்யச் சொன்ன ஒரு பெரியவரைப் பட்டறைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார் என்று ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். சவப்பெட்டிக்கு மட்டும் அந்தாளிடம் போய்விடாதே என்பதும் அதோடு சேர்ந்த சிரிப்புதான். அவர் மகள் போன பிறகு அந்த இரண்டாவது சிரிப்பை யாரும் சிரிப்பதில்லை.

அளவு நாடா அவருடைய மனைவியிடம் இருந்தது. எந்நேரமும் அவள் இடுப்பில் செருகியிருக்கும். அவர் வைத்துப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகு அவள் நாடாவை இழுத்து ஓட்டுவாள். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். எப்போதாவது, "இருங்க" என்பாள். அவர் சுத்தியலை எடுப்பார். பிறகு அவள் முனைகளைத் தேய்ப்பாள், செம்பூச்சு அடிப்பாள், காய்ந்ததும் மேல்பூச்சு அடிப்பாள். கல்யாணமான நாளிலிருந்து பட்டறை இப்படித்தான் ஓடியது. ஒரு வேலைக்கு ஒன்றரை ஆள் கூலி கேட்கிறார்களே என்று யாராவது முனகினால், "நான் பாதி ஆளு, அவ முழு ஆளு" என்பார் அவர்.

முன்னால் பட்டறை, பின்னால் வீடு. நடுவில் ஒரு தகரக் கதவு. பட்டறையின் உள்சுவரில், கூரையை ஒட்டி அடித்திருந்த ஒரு கொக்கியில், சின்ன சைக்கிள் ஒன்று முன் சக்கரம் மேலாகவும் பின் சக்கரம் கீழாகவும் செங்குத்தாகத் தொங்கியது.

மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வயதிலும் பாப்பாதான். முந்தின வருஷத்து மழைக்காலத்தில் ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள் சைக்கிளைப் பட்டறையில் விட்டுவிட்டு, தலை வலிக்கிறது என்று படுத்தாள். காய்ச்சல். அந்த வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மருத்துவமனையில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்தார்கள். குறை சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை என்பது பாப்பாவின் அம்மாவுக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

காய்ச்சல் வந்த அன்று காலையில் பாப்பா சைக்கிளுக்குக் காற்று அடித்தாள். நான் அடித்துத் தருகிறேன் என்று அப்பா சொன்னதற்கு, நீங்க அடிச்சா ட்யூபே வெடிச்சிரும்பா என்று சொல்லி, பம்பை இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு, எம்பி எம்பி இரண்டு சக்கரத்துக்கும் அவளே அடித்தாள். உள்ளே சமைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அந்த உஸ் உஸ் சத்தம் கேட்டது. அவ்வளவுதான். அப்போது அதில் கேட்பதற்கு ஒன்றும் இல்லை.

காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு சைக்கிளைக் கொக்கியில் மாட்டியவர் அவர்தான். மாட்டின மறுநாள் பட்டறையைக் கூட்டும்போது அவள் பின் சக்கரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கல் மாதிரி இருந்தது. பாப்பாவுக்கு மூச்சு வாங்க வாங்க உள்ளே போன காற்று அது என்று நினைத்துக்கொண்டாள். அதிலிருந்து தினமும் கூட்டி முடித்ததும் ஓர் அழுத்து. முன் சக்கரம் அவளுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. எட்டுகிற சக்கரத்தோடு இருந்துகொண்டாள். காற்று என்றால் இறங்கத்தான் செய்யும். கல்லாக இருந்தது கட்டையாயிற்று, கட்டையாக இருந்தது ரொட்டி மாவு மாதிரி ஆயிற்று. கடைசிக் கொஞ்ச நாளாக விரலை வைத்தால் உள்ளே இரும்பு தட்டியது. இருந்தாலும் தட்டுவதற்கு முன்னால் எதுவோ ஒன்று தடுக்கிறது என்று அவள் சொல்லிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. இது சொல்கிற விஷயமும் இல்லை.

வளைவு வேலையைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி. நகராட்சியில் ஓவர்சியர். ஒரு தாளில் படம் போட்டுக்கொண்டு வந்து பட்டறை மேஜையில் விரித்தான். கவிழ்த்து வைத்த ப எழுத்து மாதிரி ஒன்று போட்டிருந்தது. பைப்பின் கனம் இருந்தது, வெட்ட வேண்டிய நீளம் இருந்தது. கால்கள் மண்ணுக்குள் எவ்வளவு போக வேண்டும் என்ற இடத்தில் மை கசிந்து ஒன்றும் தெரியவில்லை.

"சைக்கிள் சாஞ்சு நின்னா போதும் மாமா. உங்களுக்குத் தெரியாததா" என்றான் தம்பி.

"சைக்கிள வெச்சுப் பாத்துக்கிறேன், மாப்ள."

"வெச்சுப் பாத்ததுக்கு அப்பறம் அக்காவ ஒரு தடவ அளக்கச் சொல்லிருங்க. திறப்பு விழாவுக்குத் தலைவரே சைக்கிள்ல வர்றாராம்."

"அவருக்கு ஓட்டத் தெரியுமா?"

"அதுக்குத்தான் எங்க ஆபீஸ்ல நாலு பேரு தினமும் பின்னாடி ஓடிக்கிட்டு இருக்கோம்" என்றான் தம்பி.

அவளும் சிரித்தாள். அது வெயில் காலம். தகரக் கூரை காலையிலேயே சுடும். பைப்புகள் வந்து இறங்கின. ஒரு நாள் செம்பூச்சு வாங்கக் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம். திரும்பி வரும்போது வெல்டிங் வெளிச்சம் தெருவிலிருந்தே தெரிந்தது. உள்ளே வந்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தால், சுவரில் கொக்கி மட்டும் இருந்தது.

சைக்கிள் பட்டறை நடுவில் நின்றது. வளைத்த பைப்பு ஒன்று அதன் இடுப்பை அணைத்த மாதிரி நின்றது. அவர் முகமூடியைத் தூக்கிவிட்டு, சாக்கட்டியால் பைப்பின் இரண்டு காலிலும் கோடு போட்டுக்கொண்டிருந்தார். இதற்குக் கீழே உள்ளதெல்லாம் மண்ணுக்குள் என்று அர்த்தம்.

அவள் நேராகப் போய்க் குனிந்து பின் சக்கரத்தை அழுத்தினாள். விரல் உள்ளே போகவில்லை.

"காத்து அடிச்சீங்களா?"

அவர் சாக்கட்டியைக் கையில் வைத்தபடி நின்றார். "ஆமா. சப்புன்னு உக்காந்துருச்சு. நிக்கணும்ல."

"யாரக் கேட்டு அடிச்சீங்க?"

"அதுல ஒண்ணும் இல்லம்மா. டயர் ரிம்மோட ஒட்டிக் கெடந்துச்சு."

"இருந்துச்சு. நான் தெனம் பாக்கறேன். எனக்குத் தெரியும்."

அவர் சைக்கிளைப் பார்த்தார்.

"அது பாப்பா அடிச்ச காத்துங்க" என்றாள். குரல் உயரவில்லை. உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள். "அவ விட்டுட்டுப் போனதுல அது ஒண்ணுதான் அப்படியே இருந்துச்சு. துணியெல்லாம் தொவச்சாச்சு. புஸ்தகத்தெல்லாம் குடுத்தாச்சு. இதையும் எடுத்துட்டு உங்க காத்த ரொப்பி வெச்சிருக்கீங்க. உங்களுக்கு மறந்துபோச்சு. வேல வந்ததும் அது வெறும் சைக்கிளாப் போச்சு."

அவர் சாக்கட்டியைக் கீழே வைத்தார். பிறகு முகமூடியை இறக்கிக்கொண்டார். முகமூடி உள்ளவர்களுக்கு இது ஒரு வசதி.

அன்றிலிருந்து அவள் அவரிடம் பேசுவதை நிறுத்தினாள். வேலையை நிறுத்தவில்லை. சாப்பாடு வைத்திருப்பதைத் தகரக் கதவிடம் சொன்னாள். பூச்சு தீர்ந்ததை டப்பாவிடம் சொன்னாள். அவரும் வெல்டிங் ராடு வாங்கப் போகிறேன் என்று தன்னுடைய மொபட்டிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரு தடவை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தகரக் கதவிடம் பேசிவிட்டு, யாருக்குச் சொன்னது என்று தெரியாமல் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். வேறு நாளாக இருந்தால் அதற்கு ஒரு வாரம் சிரித்திருப்பார்கள்.

வளைவுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒவ்வொன்றையும் அவர் அந்தச் சைக்கிளோடு வைத்துப் பார்த்தார். ஒவ்வொன்றிலும் சாக்கட்டிக் கோடு போட்டார். அவள் அவற்றைத் தரையில் படுக்கப் போட்டு, கோடு வரைக்கும் செம்பூச்சு அடித்தாள். படுத்துக் கிடக்கிற பொருளுக்கு உயரம் தெரியாது. நாடா அவள் இடுப்பில் இருந்தது. அவர் சரி என்று சொல்லவில்லை, அவள் இருங்க என்று சொல்லவில்லை. வேலை முடிந்ததும் சைக்கிளை அவர் கொக்கியில் மாட்டவும் இல்லை. மாட்டலாமா என்று கேட்க வேண்டியிருந்திருக்கும். அது சுவர் ஓரத்தில் சாய்ந்து நின்றது. அவள் அந்தப் பக்கம் கூட்டுவதை விட்டுவிட்டாள்.

தண்ணீர்த் தொட்டி இருந்த இடத்தில் கொத்தனார் குழி எடுத்து, பூச்சு முடிகிற இடம் தரைமட்டத்துக்கு வரும்படி வளைவுகளை நிறுத்தி, கான்கிரீட் போட்டு இறுக்கினார். கொத்தனார் சொன்னதைச் செய்கிறவர். கொஞ்சம் குட்டையாக இருக்கிறதே என்று அவருக்கும் தோன்றியதாம். நகராட்சிக் காரியத்தில் தோன்றுவதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தால் பொழுது போய்விடும் என்று விட்டுவிட்டார்.

கான்கிரீட் இறுகிச் சுற்றிலும் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்த அன்று காலையில் காற்று பலமாக வீசியது. ஆட்கள் வந்து சைக்கிளைச் சாய்த்தார்கள். பெரிய சைக்கிள்களுக்கு வளைவு மிதிக்கட்டைக்குக் கொஞ்சம் மேலேதான் வந்தது. சாய்த்துவிட்டுக் கையை எடுத்தால் சுவர் ஏறிக் குதிக்கிற ஆள் மாதிரி அந்தப் பக்கம் தாண்டி விழுந்தது. ஒன்று விழுந்ததும் பக்கத்தில் நின்றதும் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் வரிசையே படுத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் படியில் நின்றுகொண்டு, இது சைக்கிள் விடவா, ஆட்டுக்குட்டி கட்டவா என்று கேட்டார். டீக்கடைக்காரம்மா அதில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, உட்கார நன்றாகத்தான் இருக்கிறது, நகராட்சி நம் கால்வலியைத் தெரிந்து செய்திருக்கிறது என்றார். மத்தியானத்துக்குள் சைக்கிள்கள் எல்லாம் பழைய கம்பங்களுக்கே போய்விட்டன.

தம்பி வெயிலில் வேர்க்க வேர்க்கப் பட்டறைக்கு வந்தான். முதலில் மெதுவாகத்தான் பேசினான். திறப்பு விழா நெருங்கிவிட்டது, பெரிய அதிகாரி பார்த்துவிட்டார், சொந்தக்காரனுக்கு வேலை கொடுத்தால் இப்படித்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். எல்லாவற்றையும் அறுத்து எடுத்துவிட்டு வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்கிறார். மாமாவே வந்து உயர்த்திக் கொடுத்துவிட்டால் சமாளித்துக்கொள்வேன் என்றான்.

"உயரமெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார் அவர்.

"சைக்கிள் நிக்கல மாமா."

"வெச்சுப் பாத்துத்தான் செஞ்சேன்."

அக்கா, நீயாவது சொல்லேன் என்று தம்பி அவள் பக்கம் திரும்பினான். அவள் தகரக் கதவைப் பார்த்தாள். கடைசியில் மூன்று பேரும் கடைத்தெருவுக்கே போனார்கள். தம்பி தன் சைக்கிளைக் கொண்டுவந்து கடைசி வளைவில் சாய்த்துக் கையை விட்டான். அது தாண்டி விழுந்தது. தூக்கி நிறுத்தி மறுபடி சாய்த்தான். மறுபடி விழுந்தது. நின்று வேடிக்கை பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

"உன் சைக்கிள் உயரம் ஜாஸ்தி" என்றார் அவர்.

"எல்லாச் சைக்கிளும் இதே உயரந்தான் மாமா."

"இல்ல மாப்ள. சைக்கிள்னா இவ்வளவு உயரந்தானே" என்று சொல்லிக்கொண்டே அவர் கையை நீட்டிக் காட்டினார்.

கை அவருடைய தொடைக்குப் பக்கத்தில் நின்றது. உயரம் காட்டுகிறவர்கள் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார்கள். அவருடைய விரல்கள் மடங்கி, எதையோ பின்னாலிருந்து பிடித்த மாதிரி இருந்தன. முழங்கை கொஞ்சம் வளைந்திருந்தது. சீட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிற கை அது. பட்டறைக்கு முன்னால் அந்தக் கையோடு அவர் தெருக்கோடி வரை ஓடுவதும், விட்டுறாதீங்கப்பா, விட்டுறாதீங்க என்று சத்தம் கேட்பதும், அவர் விட்ட பிறகும் விடல விடல என்று சொல்லிக்கொண்டே வெறும் கையை நீட்டியபடி பின்னால் ஓடுவதும் அவளுக்குத் தெரியும். வாசலில் நின்று பார்த்தவள் அவள்தான்.

தம்பிக்கும் அப்போது விளங்கியிருக்க வேண்டும். எந்தச் சைக்கிளை வைத்துப் பார்த்தீர்கள் என்று கேட்க வாயெடுத்தவன், அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் சைக்கிளைத் தூக்கி நிறுத்துவதில் மும்முரமானான். அவர் மட்டும் கையை எடுக்காமல், இதில் என்ன தப்பு என்கிற மாதிரி எல்லாரையும் பார்த்தார்.

அவள் வீட்டுக்கு நடந்தாள். பட்டறையில் யாரும் இல்லை. சுவர் ஓரத்தில் சைக்கிள் நின்றது. பின் சக்கரத்தை அவள் தொடவில்லை. முன் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். கொக்கியில் தொங்கியவரை அவளுக்கு எட்டாமலே இருந்த சக்கரம்.

டயர் முழுக்கத் தூசி. ஒரு இடத்தில் மட்டும் தூசி இல்லை. அந்த இடத்தில் ரப்பர் மினுமினு என்றிருந்தது, அதைச் சுற்றிப் பட்டறைக் கரி கட்டைவிரல் அகலத்துக்குப் படிந்திருந்தது. ஒரு நாளில் படிகிற கரி இல்லை. பின் சக்கரத்தில் தன் விரல் பட்டுப் பட்டு மினுங்கும் இடம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இது அதைவிட அகலம். அவர் விரல் அகலம்.

அவள் அந்த இடத்திலேயே தன் விரலை வைத்து அழுத்தினாள். மெத்தென்று உள்ளே போனது. பாதி வழியில் நின்றது. முன் சக்கரத்துக்கு அவர் காற்று அடிக்கவில்லை. சக்கரத்துக்கு அடியில், உயரத்தைச் சரிக்கட்ட, சீவிய மரச்சில்லு ஒன்றைச் செருகி வைத்திருந்தார். பின் சக்கரம் ஒட்டிக் கிடந்தது என்று அவர் சொன்னது நிஜம். அதில் ஒன்றும் இருந்திருக்காது. பாப்பாவின் காற்று இருந்த சக்கரத்தை அவர் விட்டுவைத்திருந்தார்.

சாயங்காலம் அவர் வந்தபோது சாப்பாடு மூடி வைத்திருந்தது. அவள் கதவிடம் எதுவும் சொல்லவில்லை. அவரிடமும் சொல்லவில்லை. அவர் சாப்பிட்டு முடித்ததும் நாடாவை இடுப்பிலிருந்து எடுத்து, அவர் காலையில் போடும் சட்டைக்கு மேலே வைத்துவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் காலையில் அவர் நாடாவை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்; மொபட்டில் இரும்பு அறுக்கும் கிரைண்டரையும் கேபிளையும் ஏற்றினார்கள். மருந்துக்கடையிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொள்ள, ஆட்டுக்குட்டி பேச்சுக்கு அபராதமாக, கடைக்காரர் சம்மதித்தார். தரைக்கு மேலே ஒரு சாண் விட்டு ஒவ்வொரு வளைவின் இரண்டு காலையும் அறுப்பது, நடுவில் துண்டுப் பைப்பு வைத்து ஒட்டுவது என்று முடிவாயிற்று. துண்டு எவ்வளவு நீளம் என்று பார்க்கத் தம்பி தன் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவர் வைத்துப் பார்த்தார். சரி என்றார். அவள் நாடாவை ஓட்டினாள்.

"இருங்க" என்றாள்.

அவர் திரும்பிப் பார்த்தார். தம்பியும் பார்த்தான். ரொம்ப நாளாக அந்தச் சொல்லைக் கேட்காதவர் மாதிரி அவர் கொஞ்ச நேரம் சுத்தியலைத் தேடினார். அது அவர் கையில்தான் இருந்தது.

வேலை சாயங்காலம் வரை ஓடியது. அவள் துண்டைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவர் ஒட்டுவார். ஒட்டிய இடத்தை அவள் தேய்ப்பாள். எவ்வளவு தேய்த்தாலும் ஒட்டு கொஞ்சம் புடைத்துக்கொண்டுதான் நின்றது. ப-வுக்கு இப்போ முட்டி வந்துவிட்டது, இனிமேல் எழுந்து நடந்தே வீட்டுக்குப் போய்விடும் என்றார் டீக்கடைக்காரம்மா. டீ கொடுத்தார். வானம் ஒரு பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது.

கடைசி வளைவுக்கு வந்தபோது அவர் கிரைண்டரைக் கீழே வைத்தார்.

"இது ஒண்ணு இப்படியே இருக்கட்டுமா?"

அவள் அந்த வளைவைப் பார்த்தாள். அவர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே வரை இருந்தது.

"வேணாங்க. இதையும் தூக்குங்க."

"ஓரமாத்தானே இருக்கு. சின்னப் பசங்க யாராவது விடுவாங்க."

"இருந்திருந்தா இந்நேரம் பெரிய சைக்கிள் கேட்டிருப்பா" என்றாள் அவள்.

அவர் கிரைண்டரை எடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எடுத்த பிறகு நிறுத்தவில்லை. அவர் அறுத்துக்கொண்டிருக்கும்போதே அவள் எழுந்து, இதோ வருகிறேன் என்று தம்பியிடம் சொல்லிவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது கடைசி ஒட்டு சூடு ஆறிக்கொண்டிருந்தது. அவள் பாப்பாவின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக்கோடு போட்ட புதுப் பாதையில் வந்தாள். பின் சக்கரம் நேராக உருண்டது. முன் சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் நசுங்கி நசுங்கி வந்தது.

கடைத்தெருவுக்குச் சைக்கிளில் போக வேண்டும் என்று பாப்பா பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் கேட்பாள். அங்க எங்க விடுவ, விட இடமே இல்ல, இடம் வந்தா போ என்று இவள் சொல்வாள். எல்லா அம்மாக்களும் சொல்கிற பதில்தான். லாரிகளுக்குப் பயந்து சொன்னது. லாரி என்று சொன்னால் வாதாடுவாள், இடமில்லை என்றால் வாதாட முடியாது.

அவர் முகமூடியைக் கழற்றிவிட்டு, வரும் சைக்கிளைப் பார்த்தார்.

"மெதுவாத் தள்ளு. முன்னாடி கொஞ்சந்தான் இருக்கு" என்றார்.

"தெரியும்."

அவர் அவளைப் பார்த்தார். அவள் சைக்கிளின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இடம் வந்தா போன்னு சொல்லியிருந்தேன்ல" என்றாள்.

அவர் தலையை ஆட்டினார். கடைசி வளைவைத் தொட்டுப் பார்த்தார், சூடு ஆறியிருந்தது. ஒதுங்கி நின்று வழிவிட்டார்.

"வெச்சுப் பாரு."

அவள் வைத்தாள். வளைவு இப்போது சின்னச் சைக்கிளுக்கு உயரந்தான். சீட்டுக்கு மேலே வந்தது. ஆனாலும் கைப்பிடி சாய்ந்து நின்றுகொண்டது. அவள் கையை எடுத்தாள். விழவில்லை.

மழை தூறத் தொடங்கியது. தம்பி கேபிளைச் சுருட்டினான். பூட்டலையா என்று அவர் கேட்டதற்கு, வேண்டாம் என்றாள். இரண்டு பேரும் மொபட்டில் ஏறிக்கொண்டார்கள். பின்னால் உட்கார்ந்தவள் நாடா நனையாமல் இருக்க அதை முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள். வீட்டுக்குப் போன பிறகு அவர் ஏணி போட்டு ஏறிக் கொக்கியைப் பிடுங்கி, பழைய இரும்புப் பெட்டிக்குள் போட்டார். அவள் அந்தப் பக்கத்தையும் சேர்த்துக் கூட்டினாள்.

திறப்பு விழா நடந்தது. தலைவர் சைக்கிளில் வந்தார், விழவில்லை, தம்பியும் ஆபீஸ்காரர்களும் பின்னால் ஓடி வந்தார்கள். வளைவுகளில் சைக்கிள்கள் நிறைந்தன. பம்பைச் சங்கிலியோடு கட்டினார்கள், ஆட்கள் வரிசையில் நின்று உஸ் உஸ் என்று அடித்துக்கொண்டார்கள்.

மழை பிடித்துக்கொண்டது. கொஞ்ச நாள் கழித்து மேல்பூச்சு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனவள், போகிற வழியில் அந்தப் பக்கம் திரும்பினாள். சின்னச் சைக்கிள் கடைசி வளைவில் இல்லை. நடு வளைவு ஒன்றில் நின்றது. சக்கரங்களில் புதுச் சேறு. யாரோ எடுத்து ஓட்டிவிட்டு, கொண்டுவந்து இடம் இருந்த வளைவில் விட்டிருந்தார்கள்.

அவள் குனிந்து முன் சக்கரத்தை அழுத்தினாள். கல் மாதிரி இருந்தது.

பக்கத்தில் ஒருவர் பம்பை மிதித்துத் தன் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். அடுத்தபடியாக நின்றவர், அம்மா உங்களுக்கும் காத்து அடிக்கணுமா என்று கேட்டார். இருக்கு என்று சொல்லிவிட்டு, கோணிக்கொண்டு நின்ற கைப்பிடியை நேராக்கினாள். யார் அடித்தது என்று அவள் கேட்கவில்லை. பெயிண்டுக் கடை மூடுவதற்குள் போக வேண்டியிருந்தது.